மறுதொடக்கத்துக்கு முந்தைய ஐந்து நிமிடங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக ஒரு சிறிய குழுவின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரை நீங்கள் கவனித்துவருகிறீர்கள். இந்த மாதம் மட்டும் மூன்று முறை செயலி நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் இணைப்புகள் வரம்பை எட்டிவிட்டன என்ற பிழை. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது. சக பணியாளர்களைக் கேட்டபோது ஒருவர் இணைப்பு வரம்பை 100 என்பதிலிருந்து 500 ஆக்கச் சொன்னார். இன்னொருவர் நினைவகத்தைக் கூட்டச் சொன்னார். மூன்றாமவர் தினமும் இரவில் மறுதொடக்கம் செய்துவிடச் சொன்னார். யார் சொல்வதைக் கேட்பது, எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மூவர் மீதும் எனக்குக் குறையில்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரேயொரு பிழைச் செய்தி. அதை மட்டும் பார்த்து எத்தனை அனுபவசாலி பதில் சொன்னாலும் அது ஊகம்தான். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தரவுத்தளங்களோடு வேலை செய்கிறேன். சக பணியாளர்களின் உதவி இல்லாமல் தீர்த்த பெரிய சிக்கல் என்று ஒன்றைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. ஆனால் அந்த உதவி பலித்த இடங்களிலெல்லாம், சர்வருக்குள் நடந்ததை அங்கே இல்லாத ஒருவர் கண்ணால் காணும்படி யாரோ எழுதிவைத்திருந்தார். எழுதாத இடங்களில் எவ்வளவு பேர் கூடினாலும் பேச்சுதான் வளர்ந்தது.

அப்படி எழுத வேண்டுமானால் முதலில் காண வேண்டும். மறுதொடக்கம் செய்தவுடன் காண வேண்டியதில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. யார் இணைந்திருந்தார், எந்த வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, ஓடியது, யார் யாருக்காகக் காத்திருந்தார் என்பதெல்லாம் அந்தக் கணத்தில் மட்டுமே இருக்கும் செய்திகள். உங்களுடைய மூன்று சம்பவங்களும் இப்படித்தான் கைநழுவிப் போயின. ஆகவே நான்காவது முறைக்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்.

இணைப்புகள் நிரம்பிவிட்டால் உள்ளே நுழையவே முடியாதே என்று தோன்றும். நுழையலாம். போஸ்ட்கிரெஸின் இயல்பான வரம்பு 100. அதில் 3 இடங்களை அது எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறது. சாதாரணப் பயனர்களுக்குக் கதவு மூடிய பிறகும் அந்த வழியாக நீங்கள் போகலாம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இயல்பு வரம்பு 151; அங்கும் நிர்வாக உரிமை உள்ளவருக்குக் கூடுதலாக ஓர் இடம் உண்டு. இங்கே ஒன்றை உடனே சரிபாருங்கள்: உங்கள் செயலி எந்தப் பயனர் பெயரில் இணைகிறது? தலைமைப் பயனராகவே அது இணைந்தால், ஒதுக்கிய அந்த 3 இடங்களையும் சேர்த்தே விழுங்கிவிடும். அப்போது உண்மையிலேயே உங்களுக்கு உள்ளே நுழைய இடம் இருக்காது. சிறிய குழுக்களில் இந்தத் தவறு மிகவும் சாதாரணம். செயலிக்கென்று குறைந்த உரிமையோடு தனிப் பயனரை உருவாக்குவது இன்று மாலைக்குள் முடிக்கக்கூடிய வேலை.

உள்ளே போனதும் பார்க்க வேண்டியது, அட்டவணை போலப் படிக்கக்கூடிய பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சியை. ஓர் இணைப்புக்கு ஒரு வரி இருக்கும். அதில் நிலை, காத்திருப்பின் காரணம், பரிவர்த்தனை (ஒன்றாக முடியவோ ஒன்றாகத் திரும்பவோ வேண்டிய கட்டளைத் தொகுதி) தொடங்கிய நேரம், கடைசியாக ஓடிய வினவல் ஆகிய நான்கையும் நேரத்தோடு ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். அரை நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் தெரியாதது மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெரியும். பெரும்பாலான இணைப்புகள் ‘ஐடில்’ என்று சும்மா இருந்தால், செயலி இணைப்புகளைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறது. பெரும்பாலானவை ‘ஆக்டிவ்’ என்றும் காத்திருப்புக் காரணம் ‘லாக்’ என்றும் இருந்தால், ஒருவர் வேலை முடியும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் ஏதோ ஒரு பூட்டின் முன்னால் வரிசை நிற்கிறது. பூட்டுக் காத்திருப்பு எதுவுமில்லாமல் ‘ஆக்டிவ்’ ஆகவே எல்லாம் இருந்தால், வினவல்கள் உண்மையிலேயே மெதுவாக ஓடுகின்றன. இந்த மூன்றும் வெளியே காட்டும் பிழைச் செய்தி ஒன்றுதான். மருந்து மூன்றுக்கும் வேறு.

உங்கள் விவரிப்பைப் படித்தபோது இரண்டாவது வகையைத்தான் சந்தேகித்தேன். அதற்குக் காரணம் நான் நேரில் பார்த்த ஒரு சம்பவம். ஒரு நிரலாளர் மதிய உணவுக்குப் போகும்முன், தன் கணினியில் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, ஒரு அட்டவணையிலிருந்து சில வரிகளைப் படித்துப் பார்த்துவிட்டு, முடிக்காமல் எழுந்து போய்விட்டார். படிப்பதுதானே, யாருக்கும் தொல்லையில்லை. சற்று நேரத்தில் இன்னொருவர் அதே அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசையைச் சேர்க்க ஆல்டர் டேபிள் கட்டளையைக் கொடுத்தார். அந்தக் கட்டளைக்கு யாரோடும் பகிராத முழுப் பூட்டு வேண்டும். முதலாமவரின் பரிவர்த்தனை முடியாததால் அது காத்திருக்கத் தொடங்கியது. அடுத்து நடந்ததுதான் பலருக்கும் தெரியாதது. முழுப் பூட்டுக்காக ஒருவர் வரிசையில் நின்றுவிட்டால், அவருக்குப் பின்னால் வருகிற சாதாரணப் படிப்பு வினவல்களும் அவரைத் தாண்டிப் போக முடியாது. செயலியின் ஒவ்வொரு கோரிக்கையும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றது. ஒரு நிமிடத்துக்குள் வரம்பு நிரம்பி, இணைப்புகள் மிகுந்துவிட்டன என்ற பிழை வந்தது.

அன்று அந்தச் சர்வரில் இணைப்புப் பற்றாக்குறையே இல்லை. ஒருவர் பாதியில் விட்டுப்போன பரிவர்த்தனைதான் சிக்கல். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற செயற்கூறு 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. காத்திருக்கும் இணைப்பின் எண்ணைக் கொடுத்தால், அதைத் தடுத்து நிற்பவரின் எண்ணைத் தரும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் கடைசியில் ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’, அதாவது பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் நிலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரை நீக்க பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் வேண்டும். பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வினவலைத்தான் நிறுத்தும், அவரிடம் ஓடும் வினவலே இல்லை. இயங்குதளத்தின் கில் கட்டளையை 9 என்ற எண்ணோடு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஒரு புராசஸ், அதாவது ஓர் இணைப்புக்காக ஓடும் நிரல், அப்படிச் செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி போஸ்ட்கிரெஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்புப் பணியில் இறங்கும்.

இப்போது மூன்று யோசனைகளையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். காரணம் பூட்டு என்றால், வரம்பை 500 ஆக்குவது வரிசையை நீளமாக்கும், அவ்வளவுதான். அதோடு புதிய ஆபத்தும் சேரும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி புராசஸ். வரிசைப்படுத்துவதற்கான ஒர்க்_மெம் நினைவகம் இயல்பாக 4 எம்பி. அது ஓர் இணைப்புக்கான மொத்த அளவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வினவலில் நான்கு இடத்தில் வரிசைப்படுத்தல் நடந்தால் நான்கு முறை எடுத்துக்கொள்ளும். நினைவகம் வற்றினால் லினக்ஸ் தானாக ஒரு புராசஸைக் கொல்லும். விளைவு மேலே சொன்னதுதான். நினைவகத்தைக் கூட்டுவது பூட்டை அவிழ்க்காது. இரவு மறுதொடக்கம் அன்றைய பழைய பரிவர்த்தனைகளைத் துடைத்துவிடும். ஆனால் மதியம் நடந்தது மறுநாள் மதியமும் நடக்கும். அதே நேரம், நீங்கள் எடுக்கும் படத்தில் எல்லாம் ‘ஐடில்’ என்று வந்தால் என் சந்தேகமும் தவறு. அப்போது பேச வேண்டியது, திறந்த இணைப்புகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் செயலியின் இணைப்புத் தொகுப்பைப் பற்றியும், அதே வேலையைச் செய்யும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை நடுவில் வைப்பதைப் பற்றியும்தான்.

எதிரும் புதிருமான யோசனைகள் வரும்போது நான் ஒரு கேள்வியைக் கேட்பேன்: “நீங்கள் சொல்வது சரியென்றால், மாற்றம் செய்யும் முன்பே எதை எங்கே பார்க்க முடியும்?” நினைவகம் போதவில்லை என்பவர், இயங்குதளப் பதிவில் புராசஸைக் கொன்ற செய்தி இருக்கும் என்று சொல்ல வேண்டும். வட்டு மெதுவாக இருக்கிறது என்பவர், காத்திருப்புக் காரணம் படிப்பு, எழுத்து என்று வரும் என்று சொல்ல வேண்டும். நல்ல சக பணியாளர் இந்தக் கேள்வியால் புண்படமாட்டார். பெரும்பாலும் அவரே உற்சாகமாகி உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். பதில் இல்லாத யோசனையை ஒதுக்கிவைக்கலாம். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மூவரையும் திருப்திப்படுத்த மூன்றையும் ஒரே இரவில் செய்துவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

இனி எழுதும் முறை. எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இது சடங்கில்லை. “1205 பிழை வருகிறது” என்று ஒருவர் கேட்டார் என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல்லில் 1205 என்றால் பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி இயல்பாக 50 விநாடி காத்திருக்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் அதே 1205, இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு, அவற்றில் ஒன்று பலியிடப்பட்டது என்பதைக் குறிக்கும். மைஎஸ்கியூஎல்லில் அதற்கு எண் 1213. இரண்டின் விளைவும் வேறு. 1213 வந்தால் பரிவர்த்தனை முழுவதும் ரத்தாகித் திரும்பிவிடும். 1205 வந்தால் இயல்பு அமைப்பில் அந்த ஒரு கட்டளை மட்டுமே திரும்பும், பரிவர்த்தனை திறந்தபடியே இருக்கும், பிடித்திருந்த மற்ற பூட்டுகளும் அப்படியே இருக்கும். தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னவருக்கு நல்ல மனதோடு தவறான மருந்து கிடைக்கும்.

தமிழில் பேசிக்கொள்ளும் நமக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது. பதிவுக் கோப்புக்கும் பூட்டுக்கும் நாம் சொல்லும் சொல் ‘லாக்’ என்ற ஒன்றுதான். “லாக் பார்த்தீர்களா?” என்று தொலைபேசியில் ஒருவர் கேட்க, மற்றவர் பதிவுக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்க, கேட்டவர் மனதில் இருந்தது பூட்டுப் பட்டியல். இதில் நாற்பது நிமிடம் போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவசர நேரத்தில் பதிவு, பூட்டு என்ற தமிழ்ச் சொற்களையே பயன்படுத்துகிறேன். என் குழுவிலும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

பிழைச் செய்தியை நினைவிலிருந்து எழுதாமல் அப்படியே வெட்டி ஒட்டுங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பினால் மற்றவரால் அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தேடக்கூட முடியாது. அந்தப் பிழைக்கு முந்தைய இருபது வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் பிழைதான் காரணத்துக்கு அருகில் இருக்கும், கடைசிப் பிழை பெரும்பாலும் அதன் எதிரொலி. எதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்தீர்கள் என்பதை, செய்த வரிசையிலேயே எழுதுங்கள், சங்கடமான தவறுகள் உட்பட. அனுப்பும் முன் கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்குங்கள். பதிவுக் கோப்பில் மட்டும் இவை ஒளிந்திருப்பதில்லை. சர்வர் வினவலை எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் வினவல் திட்டத்தின் வடிகட்டி வரிகளிலும் உண்மையான மதிப்புகள் அப்படியே வந்துவிடும்.

“எதையும் மாற்றவில்லை, நேற்றுவரை ஓடியது” என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்குப் பதிலாகக் கடந்த ஒரு வாரத்தில் அந்த இயந்திரத்தைச் சுற்றி நடந்த எல்லாவற்றையும் எழுதுங்கள், தொடர்பில்லாததாகத் தோன்றுவதையும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இயங்குதள மேம்படுத்தல். 2018இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நூலகம்), எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. தேடலை விரைவாக்கும் போஸ்ட்கிரெஸின் உரை இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் கட்டப்பட்டவை. இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்துவிட்டுத் தரவுத்தளத்தைத் தொடாமல் விட்டவர்களுக்கு, அட்டவணையில் கண்ணெதிரே இருக்கும் வரி தேடினால் கிடைக்கவில்லை. ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாத இடத்தில் இரண்டு முறை புகுந்தது. தரவுத்தளத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை என்பது உண்மை. இன்டெக்ஸை மீண்டும் கட்டினால் தீரும் சிக்கல்; ஆனால் இயங்குதளம் மாறியதைச் சொல்லாவிட்டால் எந்த நிபுணராலும் அங்கே போய்ச் சேர முடியாது.

உங்கள் கேள்வியில் வட்டு நிரம்புவது பற்றி ஒரு வரி இருந்தது. அதில்தான் மீளமுடியாத தவறுகள் நடக்கின்றன, ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 16 எம்பி துண்டுகளாக ஒரு கோப்புறையில் எழுதுகிறது. அந்தக் கோப்புறையின் பழைய பெயர் பிஜி_எக்ஸ்லாக். பெயரில் ‘லாக்’ இருந்ததால், வட்டு நிரம்பிய பதற்றத்தில் பழைய பதிவுக் கோப்புகள்தானே என்று அதை அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் உண்டு. அதனாலேயே 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதன் பெயரை பிஜி_வால் என்று மாற்றினார்கள். அந்தக் கோப்புறை வீங்கினால் அதற்குள் கைவைக்காதீர்கள். எது அதை விடுவிக்காமல் பிடித்திருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எப்போதோ நிறுத்தப்பட்ட நகல் சர்வருக்கென்று இந்தத் துண்டுகளைப் பிடித்துவைக்கும் ஸ்லாட் இன்னும் அகற்றப்படாமல் இருக்கும், அல்லது காப்பகத்துக்கு அனுப்பும் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கும். ஸ்லாட் எவ்வளவு பிடித்துவைக்கலாம் என்று எல்லை வகுக்கும் அமைப்பு 13ஆம் பதிப்பில் வந்தது, ஆனால் இயல்பாக அதற்கு எல்லை இல்லை; நீங்கள்தான் வகுக்க வேண்டும். ஒரு பெரிய கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு புராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது.

மெதுவான வினவலுக்கு உதவி கேட்கும்போது, வினவல் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் முடிவை முழுதாக அனுப்புங்கள். பார்க்கிறவர் முதலில் தேடுவது எத்தனை வரி வரும் என்று சர்வர் கணித்தது, உண்மையில் எத்தனை வந்தது என்ற இரண்டு எண்களைத்தான். பத்து என்று கணித்து எட்டு இலட்சம் வந்திருந்தால், தரவைப் பற்றிச் சர்வர் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பெரும்பாலும் பழையது. அதைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையோடு பல நேரம் முடிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் வினவலை உண்மையாகவே ஓட்டும். டெலீட் கட்டளைக்கு முன்னால் போட்டால் வரிகள் நிஜமாக அழியும். ஒரு பரிவர்த்தனைக்குள் வைத்து, முடிவில் திரும்பப் பெற்றுவிடுங்கள். உள்நுழைவுச் சிக்கல்களில் நேரம் செலவழிக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்றால் யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பும் எந்த முகவரியில் கேட்கிறது என்ற அமைப்பும், மைஎஸ்கியூஎல் என்றால் பயனர் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கணினிப் பெயரும்தான் பார்க்க வேண்டியவை. பத்தில் ஒன்பது அங்கேயே தீரும்.

சக பணியாளரின் உதவியைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமல்லாமல், அழிக்கும் கட்டளைகளுக்கும் கேளுங்கள். 2017 ஜனவரி 31 இரவில், நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நகல் சர்வரின் தரவுக் கோப்புறையைக் காலி செய்ய நினைத்த பொறியாளர், அந்தக் கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் அது எடுக்கப்படவே இல்லை. சர்வர் 9.6 பதிப்பு, பேக்கப் கருவி 9.2 பதிப்பு, தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்றடையவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் அந்த மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வெளியிட்டார்கள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டு அன்றே தங்கள் பேக்கப்பைச் சோதித்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். அந்தத் துணிவுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். உங்கள் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று உங்களையும் கேட்கிறேன்.

இனி உங்கள் சர்வருக்கு வருவோம். வரம்பை 100லேயே விட்டுவையுங்கள். ஐடில் இன் டிரான்சாக்ஷன் நிலைக்கான நேர எல்லையைச் செயலியின் பயனருக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள். அட்டவணையை மாற்றும் எந்தக் கட்டளைக்கும் முன்னால், பூட்டுக்காகக் காத்திருக்கும் எல்லையான லாக்_டைம்அவுட்டை ஐந்து விநாடி ஆக்குங்கள், கிடைக்காவிட்டால் அது தானாக விலகி மற்றவர்களுக்கு வழிவிடும். ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்கும் பூட்டுகளைப் பதிவில் எழுதும் அமைப்பை இயக்குங்கள். நான் சொன்ன அந்த நான்கு நெடுவரிசைகளை எடுக்கும் வினவலைக் கோப்பாக்கிச் சர்வரிலேயே வையுங்கள், அடுத்த முறை பதற்றத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கக் கூடாது. நின்ற மூன்று நாட்களின் நேரத்தையும், அந்த நேரங்களில் குழுவில் யார் என்ன வெளியிட்டார்கள் என்பதையும் இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றிலும் ஆல்டர் டேபிள் இருந்தால் எனக்கு ஆச்சரியமிருக்காது. அந்தத் தாளையும், நான்காவது முறை நிகழ்ந்தால் கோப்பில் சேமித்த மூன்று பட்டியல்களையும் அனுப்புங்கள். உங்கள் குழுவின் அந்த மூவருக்கும் அதையே அனுப்புங்கள், அவர்கள் சொல்லப்போவதை நானும் கேட்க விரும்புகிறேன்.